யானைக்குக் கிடைத்த வைத்தியம்

வீட்டு நாய் திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் என்ன செய்வார்கள்? சங்கிலியில் கட்டுவார்கள், அடிப்பார்கள், அதற்கும் அடங்காவிட்டால் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாடு ஆனாலும் சரி, சென்னையின் அடுக்குமாடி வீடு ஆனாலும் சரி, டாக்டரிடம் காட்டலாம் என்ற யோசனை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். காய்ச்சலுக்கு டாக்டர் சரி, குணத்துக்கு எதற்கு டாக்டர் என்ற எண்ணம்தான் காரணம்.

ஆனால் குணம் கெட்ட விலங்குக்கு வைத்தியம் பார்த்த வரலாறு தமிழ்நாட்டிலேயே உண்டு. நாய்க்கு அல்ல, யானைக்கு!

'யானைக்கு மதம் பிடித்துவிட்டது' என்கிறோம். அது வெறும் கோபம் அல்ல. வளர்ந்த ஆண் யானைக்கு அவ்வப்போது வரும் உடல் நிலை அது. அந்த நாட்களில் ஆண்மைச் சுரப்பு பல மடங்கு கூடுகிறது, கன்னத்தில் மதநீர் வழிகிறது. அது தெரிந்த பாகன் யானையை அடித்துத் திருத்தப் பார்க்க மாட்டான். தனியே கட்டி வைத்துக் காத்திருப்பான்.

இன்னும் பெரிய உதாரணம் 1998ல் நடந்தது. கேரள, தமிழக எல்லைக் காடுகளில் ஒரு மக்னா யானை (தந்தம் இல்லாத ஆண் யானை) இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்டது. கேரளாவில் அதைச் சுட்டுக் கொல்ல உத்தரவு போடப்பட்டது. அது கூடலூர் பக்கம் வந்தபோது தமிழக வனத்துறை உயிரோடு பிடிக்க முடிவு செய்தது. அதற்கு வழிகாட்டியவர் 'யானை டாக்டர்' என்று பெயர் பெற்ற கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. அப்போது அவர் பணி ஓய்வு பெற்றிருந்தார்.

பிடித்துப் பார்த்தால் யானையின் உடம்பில் துப்பாக்கிக் காயங்கள்! முதுமலை தெப்பக்காடு முகாமில் புண்களுக்கு மருந்து போட்டு, பொறுமையாகப் பழக்கினார்கள். கொலைகார யானை என்று பெயர் எடுத்த அது மெல்ல மெல்லச் சாதுவானது. டாக்டரின் நினைவாகவே அதற்கு 'மூர்த்தி' என்று பெயர் வைத்தார்கள். டாக்டர் 2002ல் காலமானார். மூர்த்தி 2024 வரை அதே முகாமில் வாழ்ந்தது.

அதன் மூர்க்கத்துக்கு வலி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வைத்தியம் பார்க்காமல் சுட்டிருந்தால், மாற முடியாத யானை என்றே எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

மேல்நாடுகளில் இது தனித் துறையாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் 1993ல் விலங்கு நடத்தை மருத்துவம் கால்நடை மருத்துவத்தின் ஒரு சிறப்புப் பிரிவாக அங்கீகரிக்கப்பட்டது. ஆள் இல்லாத வீட்டில் தவித்துக் கதவைக் கடித்துக் குதறும் நாய்க்கு, பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்க மாத்திரையே வந்துவிட்டது.

அங்கும் மருத்துவர் முதலில் பார்ப்பது உடம்பைத்தான். காதில் சீழ், பல் வலி, மூட்டு வலி, வயதான நாய்க்குக் கண் பார்வை மங்குவது, இவற்றில் எதுவும் சாதுவான பிராணியைச் சீற வைக்கும். திடீர் மாற்றம் வெறிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அப்போது தாமதம் மனித உயிருக்கே ஆபத்து. கடிபட்டவர் உடனே சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவி, தடுப்பூசிக்கு ஓட வேண்டும்.

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல் தொடங்கப்பட்டது. நூறு வருடத்துக்கும் மேலாக இங்கே கால்நடை மருத்துவர்கள் உருவாகிறார்கள். மனிதர்களைக் கொன்ற யானைக்கே டாக்டர் கிடைத்தார். செருப்பைக் கடித்த நாய்க்குக் கிடைக்கக் கூடாதா?