கரையில் கேட்ட ஏலக் குரல்
(குமரிக் கடற்புறத்தில் மீனவர் சங்கங்கள் பிறந்த வரலாறு)

கடலில் இறங்கி உழைப்பவன் ஒருவன். கரையில் நின்று விலை சொல்பவன் மற்றொருவன். நம் முன்னோர் பல தலைமுறையாகச் சுமந்து வந்த சிலுவை இது. யூபிலி ஆண்டில் கோவில் கட்டிய வரலாற்றையும், கொடிமரம் நாட்டிய வரலாற்றையும் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அவ்வாறே, அக்கோவிலுக்குக் காணிக்கை தந்த கைகள் கடன் கட்டிலிருந்து விடுபடப் போராடிய வரலாற்றையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

அன்றைய நிலை

1544-ஆம் ஆண்டில் புனித சவேரியார் இக்கடற்புற ஊர்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்கு அளித்தார். 1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் உருவாயிற்று. 1956-இல் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. நான்கு நூற்றாண்டுகளில் விசுவாசம் வளர்ந்தது. ஊர்தோறும் கோவில்கள் உயர்ந்தன. மீனவனின் குடிசை மட்டும் பெரும்பாலும் குடிசையாகவே இருந்தது.

காரணம் என்ன? சோம்பலென்றும் குடியென்றும் ஊதாரித்தனமென்றும் வெளியார் சொல்வதுண்டு. உண்மைக் காரணம் கரையில் நடந்த ஏலத்தில் இருந்தது. கட்டுமரம் பழுதானாலும் வலை கிழிந்தாலும் புதிது வாங்கப் பணம் வேண்டும். நிலமோ நகையோ ஈடு காட்ட இயலாதவனுக்கு வங்கி கடன் தராது. வியாபாரி தருவார், பல வேளைகளில் வட்டி கூடக் கேட்கமாட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான்: கடன் தீரும்வரை, பிடித்து வரும் மீனை அவர் கையில்தான் ஒப்படைக்க வேண்டும்.

அந்த ஒரு நிபந்தனையில் எல்லாம் அடங்கிவிடும். ஏலம் கூறுபவர் அவருடைய ஆள். தரகு முதலில் பிடிக்கப்படும். பணம் இன்று பாதி, மீதி பிறகு. வாங்கிய முதலோ குறையாமல் அப்படியே நிற்கும். தந்தை பட்ட கடனை மகன் ஏற்க, மகன் பிடித்த மீனும் அதே கூடைக்குப் போயிற்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஊர்களில் மீனில் ஒரு பங்கு கோவிலுக்கென வாங்கப்பட்டது. அதை வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. பணம் படைத்தவரே குத்தகை எடுக்க முடிந்தது. கோவில் வளர்ந்தது உண்மை. ஏழை மீனவன் இரண்டு பக்கமும் கொடுத்தான் என்பதும் உண்மை.

தானமும் இயந்திரமும்

பஞ்ச காலங்களில் திருச்சபையின் வழியாகப் பால்பொடியும் கோதுமையும் வந்தன. பசி தீர்ந்தது, மூட்டை காலியானதும் பழைய நிலை திரும்பிற்று. அரசும் வாளாவிருக்கவில்லை. 1953-இல் அண்டையிலுள்ள கொல்லம் பகுதியில், நீண்டகரையில், நார்வே நாட்டு உதவியுடன் மீன்பிடித் திட்டம் தொடங்கியது. இயந்திரப் படகுகளும் பின்னர் இழுவை வலைகளும் பரவின. ஏற்றுமதி இறால் பொன்னாக மாறியது. ஆனால் அப்படகுகளை வாங்க வசதி உள்ளவர்களாலேயே முடிந்தது. கரையோரக் கடலில் அவை இழுத்துச் சென்றபோது கட்டுமரக்காரனின் வலைகள் அறுந்தன. கரைகளில் கலகம் மூண்டது. 1983-இல் தமிழ்நாடு அரசு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றி, கரையிலிருந்து 3 கடல் மைல் எல்லையைச் சிறு தொழிலாளருக்கென ஒதுக்கியது.

கூட்டுறவுச் சங்கங்களும் முன்பே இருந்தன. பல ஊர்களில் அவற்றின் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் வியாபாரியே. பின் யாருக்காக அச்சங்கம் பேசும்?

சங்கம் பிறந்தது

மேதகு ஆயர் ஆஞ்ஞிசாமி ஆண்டகையின் காலத்தில், 1960-களில் கோட்டாறு சமூக சேவைச் சங்கம் நிறுவப்பட்டது. பெல்ஜிய நாட்டிலிருந்து வந்த அருட்தந்தை ஜேம்ஸ் தொம்பர் அதனை முன்னின்று நடத்தினார். கொடுப்பதால் மட்டும் வறுமை தீராது என்னும் பாடத்தை அங்குப் பணியாற்றியோர் அனுபவத்தில் கற்றனர். அதே காலத்தில் திருவனந்தபுரம் மறைமாவட்டத்தின் மரியநாட்டில், மீனவர் தாமே ஏலம் நடத்தும் முயற்சி வேரூன்றிக்கொண்டிருந்தது. 1970-களில் நம் கரைகளிலும் அத்தகைய சங்கங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின.

அவற்றின் விதிகள் எளியவை. கடலில் தொழில் செய்பவனே உறுப்பினன். வியாபாரிக்கும் தரகருக்கும் இடமில்லை. உறுப்பினர் பிடிக்கும் மீன் முழுவதும் சங்கத்தின் வழியாகவே விற்கப்படும். ஏலம் கூறுபவர் சங்கத்தின் ஊழியர். வாங்கியவர் பணம் தரத் தாமதித்தாலும் மீனவனுக்குச் சங்கம் உரிய காலத்தில் கணக்குத் தீர்க்கும். விற்ற பணத்தில் பொதுவாக நூற்றுக்கு மூன்று ரூபாய் சங்கச் செலவுக்கு, இரண்டு அல்லது மூன்று ரூபாய் அவனுடைய சேமிப்புக்கு, பத்து ரூபாய் அவன் பெற்ற கடனுக்கு எனப் பிடிக்கப்பட்டது.

இந்தக் கடைசி ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். மாதத் தவணை என்பது சம்பளக்காரனுக்குப் பொருந்தும். கடலோ சம்பளம் தருவதில்லை. ஆனி ஆடியில் மீன் குவியும். வேறு மாதங்களில் அடுப்பே எரியாது. மீன் கிடைத்த அன்று கூடுதலாகக் கட்டுவான். கிடைக்காத அன்று யாரும் அவன் வாசலில் வந்து நிற்கமாட்டார். இவ்வழியில் கடன் ஒழுங்காகத் திரும்பி வருவதைக் கண்டபின், முன்பு முகம் திருப்பிய வங்கிகளும் சங்கத்தை நம்பிக் கடன் தர முன்வந்தன.

எதிர்ப்பு இல்லாமலில்லை. சங்கத்தில் சேர்பவன் பழைய கடனை ஒரே தவணையில் தீர்க்க வேண்டும் என வியாபாரிகள் நெருக்கினர். மீனை வாங்காமல் புறக்கணித்த கரைகளும் உண்டு. தாங்கி நின்ற ஊர்களில் சங்கம் நிலைத்தது. 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அமைந்தது. ஊருக்கொரு சங்கம், மாவட்டத்துக்கொரு சம்மேளனம், அவற்றின்மேல் கூட்டமைப்பு என மூன்றடுக்காக அது வளர்ந்தது.

மரத்துக்கு மாற்று

கட்டுமரத்துக்கேற்ற பெரிய தடிகள் அரிதாகி விலையேறிய காலம் அது. முட்டம் படகு கட்டும் நிலையத்தில் பெல்ஜியரான பியர் ஜிலே என்பவர், ஒட்டுப் பலகையால் சிறு படகு செய்யும் முயற்சியில் பல ஆண்டுகள் ஈடுபட்டார். தொடக்கத்தில் தோல்விகள் பல. மீனவரைக் கலந்து, அவர்கள் சொன்ன குறைகளைத் திருத்திய பிறகே 1980-களின் தொடக்கத்தில் அப்படகு கரையேறிப் பரவியது. அறிந்தவர் சொல்வதைக் கேட்பதும் சேவையின் ஒரு பகுதி என்பதற்கு இது நல்ல சான்று.

ஒரு குறையையும் குறிப்பிட வேண்டும். தலைச்சுமையாய் மீன் கூடை ஏந்தி ஊர் ஊராய் நடந்து குடும்பத்தைக் காத்தவர்கள் நம் தாய்மார்கள். உறுப்பினர் ஏட்டிலோ பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே இருந்தன. பெண்களுக்கான சேமிப்புக் குழுக்கள் பின்னரே வந்தன.

சோதனையும் கடமையும்

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் ஏறத்தாழ 800 உயிர்களைக் கொண்டுபோயிற்று. படகுகளைச் செப்பனிடவும் வீடுகளை எழுப்பவும் சங்கங்களின் கூட்டமைப்பு உடனே களமிறங்க முடிந்தது. கால் நூற்றாண்டாகக் கட்டி வைத்த அமைப்பு அன்று கைகொடுத்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் ஆழ்கடலுக்குச் சென்ற நம் சகோதரர்கள் பலரைப் பறித்துக்கொண்டது.

இன்று படகு பெரிதாகிவிட்டது; டீசலும் பனிக்கட்டியும் இலட்சங்களை விழுங்குகின்றன. தொலைதூரத் துறைமுகங்களில் முன்பணம் தரும் தரகர்கள் மீண்டும் காத்திருக்கிறார்கள். நிபந்தனையும் பழையதுதான்: மீனை எங்களிடமே தர வேண்டும்.

அன்பார்ந்த பங்கு மக்களே! நம் பாட்டனார் ஏலக் குரலைத் தம் கைக்கு மீட்டது எளிதில் நடந்ததல்ல. அதைக் காக்கும் கடமை நமக்குண்டு. இந்த யூபிலி ஆண்டில் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அமர்ந்து, முதல் சங்கக் கணக்குப் புத்தகத்தில் பெயர் எழுதிய நாளைப்பற்றிக் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லுங்கள். மறந்த கரையில் பழைய தரகு மறுபடியும் முளைக்கும்.