தென்மராட்சியில் கசெற் காலம்

பாட்டைப் பதிவதும் பிரதி எடுப்பதும் யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளுக்கும் சந்திக் கடைகளுக்கும் கசெற்றோடுதான் வந்தன. அதற்கு முன் ஒலிப்பதிவு என்றால் கொழும்பில் இலங்கை வானொலியின் கலையகம். இசைத்தட்டு என்றால் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் வரும் லவுட்ஸ்பீக்கர்காரரின் சொத்து. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கசெற்றைக் காட்டியபோது, அதைப் பேச்சைப் பதிவதற்கான கருவியாகவே கருதியது. 3.81 மில்லிமீற்றர் அகல நாடா, செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகம்: இசைக்கு இது போதாது என்றே அன்றைய ஒலிப்பொறியியலாளர் பலர் எண்ணினர்.

1970களின் முற்பாதியில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்ததால் இக்கருவி சிலர் கையிலேயே இருந்தது. 1977இல் வந்த அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அதே ஆண்டுகளில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் பெட்டியோடு ஜப்பானிய ரேடியோ கசெற் கொண்டுவந்தனர். கண்டி வீதியும் ரயில் பாதையும் தொட்டுச் செல்லும் தென்மராட்சியின் சந்தை நகரமான சாவகச்சேரிக்குக் கொழும்புச் சரக்கு வந்துசேர்வதும் இலகுவாயிற்று.

அக்காலத்துக்கே உரிய கடை 'றெக்கோடிங் பார்'. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி, வெறும் கசெற்றோடு கொடுத்தால், சில நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கசெற்றின் ஒரு பக்கத்தில் ஏழெட்டுப் பாட்டு அடங்கும். கடைசியில் மிஞ்சும் ஓரிரு நிமிடத்துக்கு எதைப் போடுவது என்பது கடைக்காரரின் ரசனை. பதிப்புரிமை என்ற பேச்சே எழவில்லை. இன்றைய கண்ணுக்கு அது குற்றமாகத் தெரியலாம். குடாநாட்டில் ஒலிப்பதிவுத் தொழில் வேர்விட்டது அந்தக் கடைகளில்தான்.

வீடுகளில் பதியப்பட்டது வேறு வகை. பிள்ளை பாடிய தேவாரம், பள்ளி நாடக ஒத்திகை, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குத் தாய் பேசி அனுப்பிய 'கடிதம்', எல்லாவற்றுக்கும் மேலாகக் கோயில் மேளம். சாவகச்சேரி நாதசுர வித்துவான் கே. எம். பஞ்சாபிகேசனும் அளவெட்டி என். கே. பத்மநாதனும் குடாநாட்டில் புகழோடு வாசித்த காலம் அது. திருவிழா மேளத்தைப் பதிய விரும்பியவர் ரேடியோ கசெற்றைக் கூட்டத்துக்குள் தூக்கிப் பிடிப்பதே வழக்கம். அக்கருவிகளில் ஒலியளவைத் தானே சரிசெய்யும் ஏற்பாடு இருந்தது. தவிலில் பலத்த அடி விழுந்ததும் அது ஒலியைக் குறைக்கும். நாதசுரம் சற்றுப் பின்வாங்கி மெல்லத் திரும்பி வரும். பழைய மேளப் பதிவுகளில் கேட்கும் அந்த ஏற்ற இறக்கம் வித்துவானுடையது அல்ல, கருவியினுடையது.

இதே காலத்தில் மேற்கு நாடுகளில் கசெற் வேறொரு பாதையில் போனது. ரீயாக் நிறுவனம் 1979இல் 'டாஸ்காம் போர்ட்டாஸ்ரூடியோ 144' என்ற கருவியை வெளியிட்டது. சாதாரணக் கசெற்றில் நாடாவின் அகலத்தில் நான்கு தடங்கள் உண்டு: ஒரு பக்கத்துக்கு இரண்டு, மறுபக்கத்துக்கு இரண்டு. புதிய கருவி நான்கையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில் ஓட்டியது. அறுபது நிமிடக் கசெற் பதினைந்து நிமிடமே தாங்கியது. ஆனால் ஒரே ஆள் முதலில் தாளத்தையும், பிறகு வாத்தியத்தையும், அதன்பின் குரலையும் தனித்தனியே பதியலாம். மூன்று தடங்களைக் கலந்து நான்காவதில் இறக்கினால் அந்த மூன்றும் மறுபடி காலி. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் தன் வீட்டில் இக்கருவியில் ஒத்திகையாகப் பதிந்த பாட்டுகளே 1982இல் 'நெப்ராஸ்கா' இசைத்தட்டாக வெளிவந்தன.

நான்கு தடக் கருவி இல்லாத இடத்தில் இரண்டு சாதாரணக் கருவிகளைக் கொண்டும் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியலாம். ஒன்றில் பதிந்ததை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து பாடி, மற்றதில் பதிய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரைச்சல் கூடும், உச்ச ஒலிகள் மங்கும். ஆகவே எல்லாரும் ஒன்றாக இருந்து ஒரே மூச்சில் பாடி முடிப்பதே நல்ல பலன் தந்தது.

கருவியைவிட மின்சாரமே இங்கே வரலாற்றை முடிவுசெய்தது. 1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, ரயிலும் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாயிற்று. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் ஆறு வோல்ற்றில் ரேடியோவையும் கசெற்றையும் இயக்கினார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம் என்பதால் இடையில் டயோட்டுகள் தேவை. அவற்றை இணைக்கத் தெரிந்த இளைஞர்கள் ஊருக்கு ஊர் உருவாகினர். சுற்றுபவரின் கை தளர்ந்தால் பாடகரின் குரலும் இழுபடும். பதிவுக்கு இந்த ஏற்பாடு உதவாது. அதற்கு மின்பிறப்பாக்கியும், அதை ஓட்டக் கிடைத்தற்கரிய எரிபொருளும் வேண்டும். ஆகவே பதிவு வீட்டைவிட்டு வசதி படைத்த அமைப்புகளின் கைக்குப் போயிற்று. 1990 முதல் 1995 வரை குடாநாட்டைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்த விடுதலைப் புலிகள் எழுச்சிப் பாடல் கசெற்றுகளைத் தொடர்ந்து வெளியிட்டனர். புதுவை இரத்தினதுரையின் வரிகளும், இசைவாணர் கண்ணனின் இசையும், எஸ். ஜி. சாந்தனின் குரலும் பரவலாக அறியப்பட்டது இவற்றின் வழியே. திருவிழா மேடைகளில் பாடிப் பழகிய கலைஞர்கள் இப்படிப் பிரசாரப் பாடலுக்கு வந்தனர்.

1995 ஒக்ரோபர் 30இல், இராணுவம் முன்னேறி வரவே, குடாநாட்டின் மேற்கே உள்ள வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்குள் இடம்பெயர்ந்தனர். 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்கு வந்தது. அதன்பின் எழுச்சிப் பாடல் கசெற்றை வைத்திருப்பது ஆபத்தாயிற்று. கசெற்றின் முதுகில் உள்ள சிறு தகட்டை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபதிவு செய்ய முடியாது. உடைந்த இடத்தைக் கடதாசியால் அடைத்தால் முடியும். அப்படி அடைத்துச் சினிமாப் பாட்டைப் பதிந்தவர்களும் உண்டு, புதைத்தவர்களும் எரித்தவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரமே இடிந்து போனதில் வீட்டுச் சேகரிப்புகள் பலவும் அழிந்தன.

தப்பியவை இன்று வயதால் கெடுகின்றன. நாடாவை அழுத்தும் கம்பளித் துண்டு உதிரும். ஈரக் காற்றில் பூஞ்சணம் படரும். நான்கு தடக் கருவியில் பதிந்த கசெற் என்றால் சாதாரணக் கருவியில் அரை வேகத்தில், இரண்டு தடம் மட்டும் கேட்கும். அது பழுது அல்ல, எறிந்துவிடக் கூடாது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து ஒலிப்பதிவுகளையும் எண்ணிம வடிவில் 'ஆவணகம்' தளத்தில் சேர்த்து வருகிறது. அலுமாரியில் கிடக்கும் கசெற்றை முதலில் எண்ணிமமாக்கி, பிறகு ஆறுதலாகக் கேட்பதே நல்லது. நைந்த நாடா முதல் ஓட்டத்திலேயே அறுந்துவிடவும் கூடும்.