மேகக் கண்காணிப்பு நிரலகங்களில் கட்டுநர் பாங்கு

கட்டுநர் பாங்கு என்பது பொருள்நோக்கு நிரலாக்கத்தில் பல உறுப்புகளைக் கொண்ட ஒரு பொருளைப் படிப்படியாக உருவாக்கப் பயன்படும் வடிவமைப்புப் பாங்கு ஆகும். ஆங்கிலத்தில் இது பில்டர் பேட்டர்ன் எனப்படுகிறது. மேகக் கணிமைச் சேவைகளைக் கண்காணிக்க உதவும் நிரலகங்களில் இப்பாங்கு பரவலாகக் காணப்படுகிறது. அமேசான் கிளவுட்வாட்ச் சேவைக்கான ஜாவா நிரலகம் இங்கு முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிசு ஆகிய நால்வர் 1994 இல் வெளியிட்ட டிசைன் பேட்டர்ன்சு என்னும் நூல் இப்பாங்கை விளக்கியது. ஒரே கட்டுமான முறையைக் கொண்டு வெவ்வேறு வடிவப் பொருள்களை ஆக்குவதே அந்நூல் கூறிய நோக்கம். இன்று நிரலகங்களில் காணப்படுவது இதனின்றும் சற்று வேறானது. ஜோசுவா பிளாக் தமது எஃபெக்டிவ் ஜாவா நூலின் 2008 ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் பரிந்துரைத்த எளிய வடிவமே அது. பெயர் ஒன்றாயினும் இவ்விரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது.

தேவை

கிளவுட்வாட்ச் சேவையில் ஓர் எச்சரிக்கையை அமைக்கும் கோரிக்கை இருபதுக்கும் மேற்பட்ட அளபுருக்களை ஏற்கும். அவற்றுள் பெரும்பாலானவை விருப்பத் தேர்வுகள். இவை அனைத்தையும் கன்சுட்ரக்டர் எனப்படும் ஆக்கச் செயற்கூற்றுக்கு வரிசையாக அளிப்பதாயின், 300, 5, 3 என்று மூன்று முழு எண்கள் அடுத்தடுத்து வரக்கூடும். முதலாவது நொடிகளில் அமைந்த கால அளவு, இரண்டாவது ஆராயப்படும் காலப்பகுதிகளின் எண்ணிக்கை, மூன்றாவது வரம்பு மீறியிருக்க வேண்டிய தரவுப் புள்ளிகளின் எண்ணிக்கை. இடம் மாற்றி எழுதினாலும் மூன்றும் ஒரே தரவினம் என்பதால் தொகுப்பி பிழை காட்டாது. கட்டுநரில் ஒவ்வொரு மதிப்பும் தனக்குரிய பெயருள்ள செயற்கூற்றின் வழியே செல்வதால் இக்குழப்பம் நேர்வதில்லை.

செயற்படும் முறை

ஜாவா நிரலகத்தின் இரண்டாம் பதிப்பு 2018 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இதில் கோரிக்கை வகுப்பின் பில்டர் என்னும் செயற்கூறு ஒரு கட்டுநரைத் தருகிறது. அதன்மீது பெயர்வெளி, அளவீட்டுத் தரவு முதலியவற்றைச் சங்கிலித் தொடராக அமைத்து, இறுதியில் பில்ட் என்னும் செயற்கூற்றை அழைத்தால் கோரிக்கைப் பொருள் கிடைக்கும். அப்பொருள் பின்னர் மாற்றமடையாது. எனவே பல இழைகள் அதனை அச்சமின்றிப் பகிரலாம். கட்டுநரோ மாறக்கூடியது, அதனை இழைகளுக்கிடையே பகிர்தல் தவறாகும். உருவான பொருளில் ஒரு மதிப்பை மட்டும் மாற்ற விரும்பினால், அப்பொருளிலிருந்தே புதிய கட்டுநரைப் பெற்றுத் திருத்திய படியை உருவாக்கலாம்.

முதற் பதிப்பிலிருந்து வேறுபாடு

முதற் பதிப்பில் "வித்" என்று தொடங்கும் செயற்கூறுகள் இருந்தன. தோற்றத்தில் கட்டுநரை ஒத்திருப்பினும் அவை கோரிக்கைப் பொருளையே மாற்றின. அப்பதிப்புக்கான ஆதரவு 2025 டிசம்பர் 31 அன்று முடிவுற்றது. ஆதலால் பழைய நிரல்களை மாற்றுவோர் பின்வரும் வேறுபாட்டைக் கவனித்தல் இன்றியமையாதது.

முதற் பதிப்பில் பரிமாணங்களைத் தனித்தனியாக ஏற்கும் "வித்" செயற்கூற்றை இருமுறை அழைத்தால், இரண்டாவது பரிமாணம் முதலாவதுடன் சேர்க்கப்படும். இரண்டாம் பதிப்பின் கட்டுநரில் இரண்டாவது அழைப்பு முதலாவதை அழித்துவிடும். நிரல் பிழையின்றித் தொகுக்கப்படும். சேவையும் கோரிக்கையை ஏற்றுக்கொள்ளும். ஆனால் கிளவுட்வாட்ச் பெயர்வெளி, பெயர், பரிமாணங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்தே ஓர் அளவீட்டை அடையாளம் காண்கிறது. ஒரு பரிமாணம் விடுபட்டால் தரவு வேறோர் அளவீடாகப் பதிவாகும். பழைய அளவீட்டை நோக்கியிருக்கும் எச்சரிக்கைக்குத் தரவு வராது. இயல்பு அமைப்பில் அது "போதிய தரவு இல்லை" என்னும் நிலைக்குச் செல்லும். அந்நிலைக்கு அறிவிப்பு எதுவும் அமைக்கப்படவில்லை எனில், வழங்கி பழுதுற்றாலும் எவருக்கும் செய்தி போகாது. தரவு வராமையையே வரம்பு மீறலாகக் கொள்ளுமாறு எச்சரிக்கையை அமைப்பது இதற்கு ஒரு காப்பு.

குறைபாடுகள்

கட்டாய அளபுருக்கள் அனைத்தும் தரப்பட்டனவா என்பதை இந்நிரலகத்தின் கட்டுநர் சோதிப்பதில்லை. எச்சரிக்கையின் பெயரை விட்டுவிட்டாலும் பொருள் உருவாகும். சேவைக்கு அனுப்பிய பின்னரே பிழை தெரியவரும். கட்டுமானத்தின் போதே மதிப்புகளைச் சரிபார்க்கலாம் என்பது இப்பாங்கின் சிறப்புகளுள் ஒன்றாகக் கூறப்படுவதால், இதனை ஒரு குறையாகவே கொள்ள வேண்டும். அலகு பொருந்தாமையும் இத்தகையதே. அளவீடு விழுக்காட்டில் பதிவாகும்போது எச்சரிக்கையில் நொடி என்று குறிப்பிட்டால், அவ்வெச்சரிக்கை தரவின்றியே நிற்கும்.

பிற நிரலகங்கள்

கூகுள் கிளவுட் கண்காணிப்புச் சேவையின் ஜாவா நிரலகம் புரோட்டோகால் பஃபர் கட்டுநர்களைப் பயன்படுத்துகிறது. அங்கு பட்டியல் உறுப்புகளைச் சேர்க்கும் செயற்கூறுகள் "ஆட்" என்றே தொடங்குவதால், சேர்த்தலா மாற்றீடா என்ற ஐயம் குறைவு. பைத்தானுக்கான போட்டோ3 நிரலகத்தில் கட்டுநர் இல்லை. அம்மொழியில் அளபுருக்களைப் பெயரிட்டே அளிக்க இயலும் என்பதால் அதற்குத் தேவை எழவில்லை.