ஸ்டான்லி அரசு மருத்துவமனை, சென்னை

வடசென்னையின் பழைய சிறைச்சாலைச் சாலையில், ராயபுரத்தை ஒட்டி இயங்கும் அரசுப் பொது மருத்துவமனை. இன்றும் பலர் வாயில் இது 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'தான். ஹைதர் அலியுடனான போர்க்காலத்தில், 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, பட்டினியோடு நகருக்குள் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கப்பட்ட மணியக்காரர் சத்திரமே இதன் மூலம். பசித்து வந்தவர்களில் நோயாளிகளும் இருந்ததால் சத்திரத்தை ஒட்டி மருத்துவமும் தேவைப்பட்டது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் உள்ளூர் மக்களுக்கான மருத்துவமனையை இங்கே நிறுவினார். நன்கொடைகளும் அரசு உதவியும் அதைத் தாங்கின.

1910இல் அரசு பொறுப்பேற்ற பின் ராயபுரம் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. இதனுடன் இணைந்த மருத்துவப் பள்ளிக்குச் சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லியின் பெயர் 1934இல் சூட்டப்பட்டது. 1938இல் அது கல்லூரியாக உயர்ந்தது.

துறைமுகத் தொழிலாளர், மீனவர், சிறு பட்டறைக்காரர் ஆகியோருக்கு இதுவே பெரிய புகலிடம். இயந்திரத்தில் சிக்கி நசுங்கிய கையையும் அறுந்த விரலையும் சீரமைத்து, மீண்டும் வேலைக்குப் பழக்கும் கை அறுவைப் பிரிவை மருத்துவர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்தார். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையும் இங்கு ஏழைகளுக்குக் கட்டணமின்றி நடைபெறுகிறது.