மொரகஹகந்த – களு கங்கைத் திட்டம்

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் அம்பன் கங்கையையும் அதன் கிளையாறான களு கங்கையையும் மறித்துக் கட்டப்பட்ட இரு நீர்த்தேக்கங்கள். மகாவலித் திட்டத்தின் பகுதி. மொரகஹகந்த அணைக்குச் சீன அபிவிருத்தி வங்கி கடன் தந்தது. கட்டியது சீனாவின் சினோஹைட்ரோ. களு கங்கைக்குக் குவைத், சவூதி நிதியங்களும் ஒபெக் நிதியமும் கடன் வழங்கின. 2018 ஜனவரியில் மொரகஹகந்த திறந்துவைக்கப்பட்டது. மின்திறன் 25 மெகாவாட். உதவி எனப் பேசப்பட்டாலும் பெரும்பகுதி திருப்பிச் செலுத்தவேண்டிய கடனே. பாசன நீரோ பெரும்பாலும் பொலன்னறுவை, அனுராதபுரம் வயல்களுக்கு. மூழ்கியது மாத்தளை நிலம். பழைய லக்கலை நகரமும் நீரடியில் போனதால் வேறிடத்தில் புதுநகர் எழுந்தது. பயனைக் கணக்கிடுவோர் இவ்விழப்பை ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியபோதும் வாய்க்கால்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.