இடது கை பழக்கம் உள்ளவரா? பேஸ் கிட்டார் வாங்கும் முன் இதைப் படிங்க!

பேஸ் கிட்டார் கத்துக்கணும்னு ஆசையோடு கடைக்குப் போறீங்க. சுவரில் தொங்கும் ஒன்றை எடுத்து மடியில் வைத்தால், ஏதோ தலைகீழாக இருப்பது போலத் தோன்றுகிறது. உலகில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இடது கை பழக்கம் உண்டு. கடையில் இருப்பதோ பெரும்பாலும் வலது கைக்காரர்களுக்கான பேஸ்தான். "வலது கையிலேயே கத்துக்கோங்க, போகப் போகப் பழகிடும்" என்று கடைக்காரர் சொல்வார். சில நேரம் மாஸ்டரும் சொல்வார். அதைக் கேட்கலாமா?

எந்தக் கைக்கு என்ன வேலை?

வழக்கமான பேஸில் நான்கு கம்பிகள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்ப்பார்கள். வலது கைக்காரர் இடது கையால் ஃப்ரெட்டுகளில் கம்பியை அழுத்தி, வலது கை விரல்களால் மீட்டுகிறார். இரண்டு கைக்கும் வேலை இருக்கிறதே, எந்தப் பக்கம் பிடித்தால் என்ன என்ற வாதம் இதனால்தான் வருகிறது. அதில் பாதி உண்மை. ஆனால் டிரம்ஸோடு சேர்ந்து பாட்டைத் தாங்கிப் பிடிப்பதுதான் பேஸின் வேலை. ஒரு சுரம் கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பாட்டே ஆட்டம் கண்டுவிடும். அந்தத் தாளக் கணக்கு மீட்டும் கையில் இருக்கிறது. அது எந்தக் கையில் இயல்பாக வருகிறதோ, அந்தக் கையால் மீட்டுவதே நல்லது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுதும் கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீங்க. சச்சின் டெண்டுல்கர் எழுதுவது இடது கையில், பேட் செய்வது வலது கையில். சவுரவ் கங்குலி பேட்டிங்கில் இடது கை, பந்து வீச்சில் வலது கை. அதோடு, 'பீச்சாங்கையில எழுதாதே' என்று சின்ன வயதில் அதட்டியே கை மாற்றப்பட்டவர்கள் நம் வீடுகளில் நிறைய பேர். அவர்கள் எழுதும் கை எதையும் சொல்லாது.

பிடித்த பாட்டைப் போட்டுவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் கிட்டார் வாசிப்பது போல நடித்துப் பாருங்க. யோசிக்காமல் எந்தக் கை மீட்டப் போகிறது? அடுத்து, ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மேஜையில் மாறி மாறித் தட்டுங்க, பாட்டின் தாளத்துக்கு ஒரு நிமிடம். எந்தக் கை சீக்கிரம் தடுமாறுகிறது? இரண்டிலும் இடது கைதான் தெளிவாக ஜெயிக்கிறது என்றால், தயங்காமல் இடது கை பேஸ் வாங்குங்க. குழப்பமாக இருந்தால், நண்பரின் வலது கை பேஸைச் சில வாரம் கடன் வாங்கிப் பார்க்கலாம். அப்படிப் பழகுவது தோல்வி இல்லை. 'டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்' மார்க் நாஃப்ளர் இடது கைக்காரர்தான், கிட்டார் வாசிப்பது வலது கைக்காரர் போல.

வலது கை பேஸையே திருப்பிப் பிடித்தால்?

செலவு மிச்சம் என்று பலரும் யோசிக்கும் வழி இது. கம்பிகளைக் கழற்றி வரிசை மாற்றினால் மட்டும் போதாது. கழுத்தின் முனையில் கம்பிகள் உட்காரும் 'நட்' என்ற சிறு துண்டில், ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் ஏற்ற பள்ளம் இருக்கும். மெல்லிய ஜி கம்பிக்கான பள்ளத்தில் தடித்த இ கம்பி உட்காராது. நட்டையே மாற்ற வேண்டும். பிரிட்ஜிலும் சுருதியைத் திரும்பச் சரிசெய்யணும். ஸ்ட்ராப் மாட்டும் பட்டன் தவறான பக்கம் போய்விடும், வால்யூம் குமிழ்கள் முழங்கையில் இடிக்கும், மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்டாது.

பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி இடது கைக்காரர். 1961-இல் ஹாம்பர்க்கில் அவர் வாங்கிய ஹோஃப்னர் பேஸ், வயலின் போல இரு பக்கமும் ஒரே வடிவம். இடது பக்கம் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பதும் அது அவருக்குப் பிடிக்க ஒரு காரணம்.

கம்பியையே மாற்றாமல் அப்படியே தலைகீழாக வாசிப்பவரும் உண்டு, 'யெல்லோஜாக்கெட்ஸ்' குழுவில் வாசித்த ஜிம்மி ஹாஸ்லிப் போல. ஆனால் கட்டைவிரலால் தடித்த கம்பியை அடித்து, விரலால் மெல்லிய கம்பியைச் சுண்டும் 'ஸ்லாப்' முறையை எந்த மாஸ்டரும் உங்களுக்கு அப்படியே சொல்லித்தர முடியாது. புதிதாகத் தொடங்குபவருக்கு இது வேண்டாத தலைவலி.

வாங்கும்போது, கத்துக்கும்போது...

இபானெஸ், ஸ்குவயர் போன்ற நிறுவனங்கள் தொடக்கநிலை மாடல்களிலேயே இடது கை பேஸ் செய்திருக்கின்றன. நிறமும் மாடலும் குறைவாகத்தான் கிடைக்கும். பெரும்பாலும் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்கணும். ஆன்லைனில் வாங்கினால் 'லெஃப்ட் ஹேண்டட்' என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்க. சிறுவர்களுக்கு, வழக்கமான 34 அங்குல ஸ்கேலுக்குப் பதில் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் கைக்கு அடக்கமாக இருக்கும். கம்பியும் ஆம்ப்பும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வகுப்பில் ஒரு லாபமும் உண்டு. வலது கை மாஸ்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்தால், அவர் கை உங்களுக்குக் கண்ணாடி பிம்பம் மாதிரி. யூடியூப் பாடங்களுக்கும் இதே கதைதான். டேப் குறிப்புகளில் எந்த மாற்றமும் இல்லை. ஃப்ரெட்போர்டு படங்களை மட்டும் இடவலமாகத் திருப்பிப் படிக்கணும்.

ஆனால் நண்பர்களோடு ஜாமிங் போனால், அங்கே இருப்பதை வாங்கி வாசிச்சிடலாம்னு வெறுங்கையோடு போக முடியாது. உங்க பேஸை நீங்கதான் தூக்கிட்டுப் போகணும்.