கிழக்கை விட்டு அகலாத கிருத்திகை

முருகனுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுடைய குடும்ப விவகாரம் ஒன்று சதபத பிராமணத்தில் வருகிறது. அக்கினியை எந்த நட்சத்திரத்தில் பிரதிஷ்டை செய்வது என்று அங்கே ஒரு வாதம். கிருத்திகையில் செய்யலாம், மற்ற நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து விலகுகின்றன, இவை விலகுவதில்லை என்கிறது ஒரு கட்சி. கூடவே கூடாது என்கிறது மறு கட்சி. ஏனாம்? இவர்கள் சப்தரிஷிகளின் மனைவியர். கணவன்மார் வடக்கே உதிக்கிறார்கள், மனைவியர் கிழக்கே. பிரிந்து வாழும் தம்பதிகளின் நட்சத்திரத்தில் அக்கினியை வைத்தால் குடும்பம் விளங்குமா? கடைசியில், அக்கினியே அவர்களுக்குத் துணை என்று சமாதானம் சொல்லி அனுமதி கொடுத்துவிடுகிறார்கள்!

வேதியர் வழக்கு அதோடு தீர்ந்தது. அறிஞர் வழக்கு 1895-ல் பிறந்தது. மகாராஷ்டிரத்துச் சங்கர பாலகிருஷ்ண தீட்சிதர் 'விலகுவதில்லை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். இன்று காசியில் நின்று பார்த்தால், கிருத்திகை நேர் கிழக்குக்குச் சுமார் 27 பாகை வடக்கே தள்ளித்தான் உதிக்கிறது. பூமியின் அச்சு, ஓயப்போகும் பம்பரம்போல மெல்லத் தலையாட்டுகிறது. அதனால் சூரிய வீதியில் நட்சத்திரங்கள் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் நகர்வதாகத் தோன்றும். இந்தக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால், கிருத்திகை நேர் கிழக்கில் உதித்த காலம் ஏறக்குறைய கி.மு. 3000.

நூலின் மொழியை ஆராய்ந்தவர்களோ பெரும்பாலும் அதைக் கி.மு. 8 முதல் 6 ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள். அப்போது கிருத்திகை 14 பாகை விலகியிருக்கும்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தம்பதிகள் மேல்தான் கண். கணவர் வடக்கு, மனைவி கிழக்கு என்று பிரிப்பதற்கு ஏறத்தாழக் கிழக்கு என்றிருந்தாலே போதுமே! தீட்சிதரின் கணக்கு சரி. அது நிற்கும் சொல்தான் இளகிய சொல். ஆனால், 14 பாகை என்பது நீட்டிய கையில் ஒன்றரை முஷ்டி அகலம். கயிறு பிடித்துத் திசை பார்த்து வேள்விச்சாலை அளந்தவர்களுக்கு அது கண்ணில் படாமலா போகும்? ஆகையால், பாட்டன் பூட்டன் பார்த்துச் சொன்ன வாக்கியத்தைப் பேரன்மார் நூலில் சேர்த்திருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. அதைக் கொண்டு நூலுக்கே ஐயாயிரம் வயது கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வேதாங்க ஜோதிடத்தின் பேச்சில் இவ்வளவு வளைவு இல்லை. உத்தராயணம் அவிட்டத்தின் தொடக்கத்தில் என்று அது சொல்லுகிறது. அந்தக் கணக்கு கி.மு. 14, 12 ஆம் நூற்றாண்டுகளுக்கு இடையே வந்து நிற்கிறது.